ஏழாவது தாளில் இருந்த தீவு

லட்சத்தீவுகளில் உனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கனகவல்லியைக் கேட்டிருந்தால், ஆண்ட்ரோத் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. துணைப் பொது மேலாளர் வெங்கடகிருஷ்ணனைக் கேட்டார்கள். அவர் ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவர் அல்ல. பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

1985ஆம் வருடம் நவம்பர் மாதம் அது. தார்நாகாவிலிருந்து உப்பல் போகும் சாலையில், கடலடி மணலை அளந்து படம் போடும் மத்திய அரசுக் கழகம் ஒன்று இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அங்கிருந்து கடலைப் பார்க்க முடியும். அப்படிப்பட்ட ஊரில் கடலை அளக்கும் ஆபீஸை ஏன் வைத்தார்கள் என்றால், டெல்லியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஹைதராபாத்தும் கடலும் ஒரே பக்கம்தான். கழகத்தில் அறுநூறு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் கடலில் கால் நனைத்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அந்த முப்பது பேரின் பயணப்படி பில்லைச் சரிபார்த்தார்கள்.

கழகத்துக்கு ஓர் ஊழியர் பத்திரிகையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரும். நிர்வாக இயக்குநருக்கு மாலை போடும் படம் முதல் பக்கத்தில். அவர் வேறு யாருக்கோ மாலை போடும் படம் கடைசிப் பக்கத்தில். நடுவில் உற்பத்தித் திறனைப் பற்றி யாராவது கவிதை எழுதியிருப்பார்கள். 1986 புத்தாண்டு இதழுக்காகத்தான் வெங்கடகிருஷ்ணன் எழுதினார். தலைப்பு: ‘பாய்மரத்தில் பத்து நாள் — என் மனம் கவர்ந்த ஏழு தீவுகள்.’

அதற்கு ஒரு வழிப் படம் வேண்டியிருந்தது. வரைபடப் பிரிவில் நல்ல கை யாருடையது என்று கேட்டார். கனகவல்லி என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆபீஸில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

கனகவல்லி 1944இல் அரக்கோணத்தில் பிறந்தவள். அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இரண்டு வருடம் டிரேசர் படிப்புப் படித்தாள். பென்சிலில் போட்ட மூலப்படத்தின் மேல் மெல்லிய மெழுகுத் துணியை விரித்து, கறுப்பு மையில் அதை அப்படியே எடுப்பதுதான் டிரேசர் வேலை. கை நடுங்கக் கூடாது. மை சொட்டக் கூடாது. சொட்டினால் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டினால் துணி தேயும். பதினேழு வருட வேலையில் அவள் வாங்கிய பிளேடுப் பொட்டலங்கள் இரண்டு. இரண்டாவதில் இன்னும் மூன்று பிளேடு பாக்கி இருந்தது.

இந்தச் சுத்தம் அந்தக் குடும்பத்துக்கு உள்ளது. அண்ணன் சின்னசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் பிடிப்பவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலும் இரும்பைக் குப்பையில் எறிகிறவர். ஒரு தரம் கனகவல்லியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, “கோடு இழுக்கிறதெல்லாம் ஒரு வேலையா, கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடலாம்” என்றான். அவள் உள்ளே போய், அவன் குடித்த காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணனிடம், “அனுப்பிடுண்ணா” என்றாள். அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. மெட்டுகூடாவில் அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தாள்.

லட்சத்தீவுப் படங்கள் ஏழையும் எடுத்தவள் அவளே. 1969இல் தொடங்கி 1974இல் முடித்தாள். அங்கே பெரும்பாலான தீவுகளுக்குப் பக்கத்தில் பவளப் பாறை வேலி போல வளைந்து நிற்கும். வேலிக்கு உள்ளே கடல் ஆழமில்லாமல், அலையில்லாமல், குளம் மாதிரிக் கிடக்கும். அதை ஆபீஸில் லகூன் என்பார்கள். படத்தில் லகூனைக் காட்டப் பேனா முனையால் புள்ளி வைக்க வேண்டும். ஒரு தீவுக்கு மூவாயிரம், நாலாயிரம் புள்ளி.

அவளுக்கு அந்தத் தீவுகள் எல்லாம் பேனா வழியாகத்தான் பழக்கம். மினிக்காயின் வளைவைப் பேனா எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிக்கலாம், அதனால் அது பிடிக்கும். பித்ரா ஒரு கடலைப் பருப்பு அளவுதான், மூச்சை அடக்கிக்கொண்டு போட வேண்டும். ஆண்ட்ரோத்தை அவளுக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் வேறு. மற்ற தீவுகள் எல்லாம் வடக்குத் தெற்காக நின்றன. அது மட்டும் கிழக்கு மேற்காகப் படுத்திருந்தது. அதற்கு லகூனும் கிடையாது. ஒரு புள்ளி வைக்க வேண்டியதில்லை. கரை, அதை விட்டால் கடல்.

அந்தத் தீவுகளை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கழகத்தின் அளவைக் கப்பல் கொச்சியிலிருந்து தீவுகளுக்குப் புறப்படும். ஆழங்களை உடனுக்குடன் குறிக்க வரைபடப் பிரிவிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். பதினொரு வருடமாக அவள் விண்ணப்பம் போட்டாள். பெண்களுக்குக் கப்பலில் தனிக் கழிப்பறை இல்லை என்று பத்து வருடம் பதில் வந்தது. பதினோராவது வருடம் புதுக் கப்பல் வாங்கினார்கள், அதில் கழிப்பறை இருந்தது. அதற்குப் பிறகு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். கப்பல் பணிக்கு வயது வரம்பு நாற்பத்திரண்டு. அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. இந்தப் பிப்ரவரியை விட்டால் அடுத்தது கிடையாது. ஃபைல் ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்து வெங்கடகிருஷ்ணனுடையது.

அவர் அறையில் கோட்டு மாட்டும் கொக்கியில் ஒரு வெள்ளைத் தொப்பி தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹுசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகு விடுகிறவர் அவர். அது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று தொப்பியைத் திங்கள் முதல் சனி வரை ஆபீஸில் வைத்திருந்தார்.

“வாங்கோ மிஸ் கனகவல்லி, உக்காருங்கோ” என்றார். “லீவுல ஃபிரெண்டோட யாட்டுல போயிருந்தேனோல்லியோ, அந்த ரூட்டை நீங்க மேப்பாப் போட்டுத் தரணும். பாயை இழுத்துக் கட்டறச்ச காத்து மூஞ்சில அடிக்கும் பாருங்கோ, அந்த சுகமே தனி.”

“எனக்குத் தெரியாதுங்க சார். நான் ஏரியில கூடப் போனதில்ல.”

“போகப் போறேளே! கப்பல் ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. மேப் நன்னா வரட்டும். நான் பாத்துக்கறேன்.”

கனகவல்லி பதினொரு பக்கத்தையும் மேஜைக்கு எடுத்து வந்து படித்தாள். மினிக்காய் இயற்கை அன்னையின் மடியாம். செத்லத் இயற்கை அன்னையின் புன்னகையாம். கவரத்தியில் அன்னை கூந்தலை விரித்திருந்தாள். ஏழு தீவில் ஐந்து தீவுக்கு அந்த அம்மாள் வந்து போயிருந்தாள். கல்பேனியில் இளநீர், கில்தானில் சூரிய அஸ்தமனம். எந்தத் தீவிலும் ஒரு ஆளோ, ஒரு பெயரோ, ஒரு நாயோ கூட இல்லை. எல்லாவற்றிலும் தமக்கு மிகப் பிடித்தது கடைசியாக இறங்கிய ஆண்ட்ரோத் என்று எழுதியிருந்தார். ‘ஆண்ட்ரோத்தின் அமைதியான லகூனில் எங்கள் படகு நங்கூரமிட்டு நிற்க, நீல நீரில் நான் நீந்தி மகிழ்ந்தேன்.’

அவள் அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, கொச்சியிலிருந்து அவர் எழுதிய வரிசைப்படி தீவுக்குத் தீவு கோடு போட்டாள். தென்கோடியில் மினிக்காய். அங்கிருந்து வடகோடிக்குச் செத்லத். மறுபடி தெற்கே கல்பேனி. மறுபடி வடக்கே பித்ரா. திரும்பக் கீழே கவரத்தி, மேலே கில்தான், கடைசியில் ஆண்ட்ரோத். பாவாடைக்கு நாடா கோத்த மாதிரி கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது.

பிரிண்ட் எடுக்கும் ஜுலைகா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். யாகுத்புராக்காரி. பதினைந்து வருடம் கனகவல்லியோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது, அக்கா என்பதை மட்டும் உருதுவில் ஆபா என்பாள்.

“இது என்னா ஆபா, பூனைக்கி நூலுக் குண்டு குடுத்த மாதிரி? கைக்கு, ஏன் இப்பிடிச் சுத்துனாரு?”

கனகவல்லி எழுந்து போய் நாலாவது இழுப்பறையைத் திறந்தாள். லட்சத்தீவுத் தாள்கள் இருக்கும் இழுப்பறை. அளவை வேலை எந்த வருடம் எந்தத் தீவில் முடிந்ததோ, அந்த வரிசையில்தான் தாளுக்கு எண் போட்டிருந்தது. ஒன்று மினிக்காய். இரண்டு செத்லத். மூன்று கல்பேனி. நான்கு பித்ரா. ஐந்து கவரத்தி. ஆறு கில்தான். ஏழு ஆண்ட்ரோத்.

“யா அல்லா!” என்று ஜுலைகா வாயைப் பொத்திக்கொண்டாள். “இவரு கடல்ல போவல, நக்கோ, டிராயர்ல போயிருக்காரு.”

அதுவும் முழுக்கப் போகவில்லை. தாள்களைத் திறந்து பார்த்திருந்தாலாவது ஏழாவதில் புள்ளி இல்லை என்பது தெரிந்திருக்கும். அவர் பார்த்தது அட்டவணைப் பதிவேட்டை மட்டும். அதில் ஏழு வரிக்கும் திட்டத்தின் பெயரைச் சேர்த்தே எழுதியிருந்தார்கள்: மினிக்காய் லகூன் அளவை, செத்லத் லகூன் அளவை, கடைசியில் ஆண்ட்ரோத் லகூன் அளவை. அளந்து பார்த்ததில் அங்கே லகூன் இல்லை என்று தெரிந்த சேதி தாளுக்குள் இருந்தது. துணைப் பொது மேலாளர்கள் தாளுக்குள் பார்ப்பதில்லை.

மூலத்தில் தவறு தெரிந்தால் டிரேசர் தானே திருத்தக் கூடாது என்பது வரைபடப் பிரிவின் விதி. மஞ்சள் நிறச் சந்தேகச் சீட்டு எழுத வேண்டும். மூன்று படி. பதிவேட்டில் எண் போட்டு அனுப்ப வேண்டும். மூலத்தைக் கொடுத்தவர் கைப்படப் பதில் எழுதித் திருப்ப வேண்டும். பதில் வந்தபடி வரைய வேண்டும். பதில் வராத படம் பிரிண்டுக்குப் போகாது. கனகவல்லி சீட்டை எடுத்தாள். எண் 41. ‘ஆண்ட்ரோத்துக்கு லகூன் இல்லை (தாள் 7, 1974). நங்கூரக் குறியை எங்கே வைப்பது?’

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னசாமி முதலில் தூரங்களைக் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் கூட்டினார். எட்டுத் துண்டும் சேர்ந்து ஆயிரம் கடல் மைல்.

“பத்து நாளுல ஏழு தீவுல ஒவ்வொரு நாள் தங்கினாருன்னா, ஓடறதுக்கு மூணு நாள்தான். மணிக்குப் பதினாலு மைலு, ராப்பகலா. எங்க கூட்ஸ் வண்டி அவ்ளோ போனா டிரைவருக்கு மெடல் குடுப்பாங்க.”

“வேகத்த நான் கேக்கல. அது அவரு கதை. லகூன்தான் கேட்டேன். அது என் படம்.”

“கனகு, கப்பல யோசிச்சியா? ஃபைலு அந்தாளு கையில இருக்குது. பத்திரிகைய எவன் படிக்கிறான்? வடை மடிக்கத்தான் ஆவும்.”

“வடை மடிக்கிறவன் பாப்பான் இல்ல? கீழ என் எழுத்து இருக்கும்.”

சின்னசாமி காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இரும்பைக் குப்பையில் எறிகிறவர்தானே அவரும்.

மஞ்சள் சீட்டு மூன்று நாளில் தபால் பிரிவு, நிர்வாகப் பிரிவு, பத்திரிகைக் குழு, நேர்முக உதவியாளர் என்று நாலு மேஜைகளைத் தாண்டி வெங்கடகிருஷ்ணனிடம் போய்ச் சேர்ந்தது. நாலு மேஜையிலும் அதைப் படித்தார்கள். நாலாம் நாள் அவர் கனகவல்லியைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“என்னம்மா இது, சின்ன விஷயத்துக்குச் சீட்டெல்லாம் போட்டுண்டு?”

“விதிங்க சார்.”

“லகூன் இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போயிருக்கேளா?”

“நான் போனதில்லீங்க. நீங்க போயிருக்கீங்க. அதனாலதான் உங்களக் கேட்டேன்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. “கொச்சின்ல படகு ஏறினேம்மா. பொய் இல்லை. ஹார்பரைத் தாண்டறதுக்குள்ள தலையைச் சுத்தித்து. குடல் வெளில வந்துடும் போல ஆயிடுத்து. திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டா. பத்து நாளும் எர்ணாகுளத்துல அத்திம்பேர் ஆத்துலதான் இருந்தேன். இங்கே எல்லாருக்கும் சொல்லிண்டு போயிட்டேன். வேற என்ன எழுதச் சொல்றேள்?”

“எர்ணாகுளமும் நல்ல ஊருன்னு சொல்றாங்க சார்.”

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து கப்பல் ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“இங்கே ஒரு கையெழுத்து. பிப்ரவரில நீங்க கப்பல்ல. சீட்டை வாபஸ் வாங்கிண்டுடுங்கோ. அவ்வளவுதான் விஷயம்.”

கனகவல்லி அந்தப் பேனாவைப் பார்த்தாள். நல்ல பேனா, மோசமாகப் பிடித்திருந்தார். பதினொரு வருடம். நாற்பது நாள் கடல். மினிக்காயின் வளைவை நேரில் பார்க்கலாம். பித்ரா எவ்வளவு சின்னது என்று கரையில் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

“எண் போட்ட சீட்டத் திருப்பி வாங்க முடியாதுங்க சார். பதில்தான் எழுத முடியும். லகூன் வரிய அடிச்சிட்டேன்னு எழுதிட்டீங்கன்னா முடிஞ்சிது. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்.”

அது நியாயமான வழி. ஒரு வரியை அடித்தால் போதும். ஆனால் நாலு மேஜையில் படித்துவிட்டார்கள், ஒரு டிரேசர் சொல்லித் துணைப் பொது மேலாளர் ஒரு வரியை அடிப்பதா? வெங்கடகிருஷ்ணன் அந்தப் பேனாவாலேயே மஞ்சள் சீட்டில் எழுதினார், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி: ‘நங்கூரக் குறி தீவின் உட்புறம், நடு மத்தியில். கட்டுரையாளர் சொல்வதே இறுதி.’ கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவள் பக்கம் தள்ளினார். பிறகு ஃபைலில் அவள் பெயரை அடித்துவிட்டு, அதே வரைபடப் பிரிவில் இருந்த ஜெகநாதன் பெயரை எழுதினார். அவள் எதிரிலேயே எழுதினார்.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு, “வரேங்க சார்” என்று சொல்லி வெளியே வந்தாள். நேரே தண்ணீர்ப் பானைக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்தாள். பிறகு மேஜைக்கு வந்து மெழுகுத் துணியை விரித்தாள்.

அந்தப் படத்தை இரண்டு நாளில் முடித்தாள். அவள் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏறி இறங்கும் வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் கடல் மைல் கணக்கு, கழகத்தின் வழக்கப்படி. ஆறு தீவுக்கும் அளந்து வைத்த புள்ளிகள். ஆண்ட்ரோத்துக்குப் புள்ளி இல்லை. அதன் நடு மத்தியில், தென்னந்தோப்பு என்று குறித்த இடத்தில், சுத்தமான ஒரு நங்கூரம். அடியில் சின்ன எழுத்தில்: ‘நங்கூரம் நிற்கும் இடம், சந்தேகச் சீட்டு எண் 41க்குக் கட்டுரையாளர் அளித்த பதிலின்படி.’

சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை டிராப்ட்ஸ்மேன் ரகுநாதன். இருபத்தாறு வருடம் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வேலை பார்த்த மனிதர். படத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படகு தென்னமரத்துல நிக்குதேம்மா.”

“நடு மத்தியிலன்னு எழுதியிருக்காருங்க சார். ஸ்கேல் வச்சி நடுவப் பாத்துத்தான் வச்சேன். வேணும்னா அளந்து பாருங்க.”

ரகுநாதன் அளந்து பார்த்தார். நடு மத்தியில்தான் இருந்தது. சீட்டில் கையெழுத்து இருந்தது. தன் தலைக்கு வராது என்று தெரிந்ததும் மனிதர் தைரியமாகக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரிகைக் குழு நங்கூரத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் கவலையெல்லாம் நிர்வாக இயக்குநரின் மாலை நேராக விழுந்திருக்கிறதா என்பதில். வெங்கடகிருஷ்ணனோ தம் பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறது என்று பார்த்தார். ஜனவரி மூன்றாம் தேதி பத்திரிகை வந்தது. நடுப்பக்கம் முழுக்கப் படம். பதினோரு மணி டீ வருவதற்குள் அறுநூறு பேரும் நங்கூரத்தைப் பார்த்துவிட்டார்கள். கேண்டீனில் யாரோ, “சார், தேங்கா பறிக்கப் போனப்போ படகைக் கொண்டு போனீங்களா, படகுல போனப்போ தேங்கா பறிச்சீங்களா?” என்று அவர் காதில் விழும்படிக் கேட்டான். அடுத்த வாரத்திலிருந்து அவருக்குப் பெயரே தோப்புக் கேப்டன். தெலுங்கர்களும் அதைத்தான் சொன்னார்கள், மொழிபெயர்க்காமல்.

விசாரணை வந்தது. டிரேசர் செய்த தவறு என்று வெங்கடகிருஷ்ணன் சொன்னார். கனகவல்லி அவர் கைப்படப் பதில் எழுதிய மஞ்சள் சீட்டை நீட்டினாள். விசாரித்தவர் அதைப் படித்துவிட்டு, இருமல் வந்தது போல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். விசாரணை அதோடு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழகத்தில் யாருக்கும் எப்போதும் ஒன்றும் ஆனதில்லை. வெங்கடகிருஷ்ணன் ஏப்ரலில் பதவி உயர்வு கிடைத்து டெல்லிக்குப் போனார். கடலிலிருந்து இன்னும் தூரம். கப்பலில் போன ஜெகநாதன் நாற்பது நாளும் குகைச் சாமியார் மாதிரி அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு, “அங்க என்ன இருக்கு, தண்ணிதான்” என்று திரும்பி வந்து சொன்னான்.

கனகவல்லிக்கு மட்டும்தான் இழப்பு. கப்பல் போய்விட்டது. மார்ச் பதினாலாம் தேதி நாற்பத்திரண்டு முடிந்தது.

அன்றைக்கு ஜுலைகா வீட்டிலிருந்து சேமியா கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். “ஆபா, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எல்.டி.சி. இருக்கா இல்லியா? சர்க்கார் செலவுல ஊரு பாக்கற லீவு.”

“ஹவ், ஆமா, இருக்கு. அத எவ எடுப்பா? போகாத ஊருக்குப் போனேன்னு பில்லு போடறவங்க சமாசாரம் அது.”

“நீங்க போயிட்டே பில்லு போடுங்களேன். ஆபீஸ்ல ஒரு ஆளாச்சும் அப்பிடிப் போட்டா என்ன?”

பதினேழு வருடத்தில் கனகவல்லிக்கு இது தோன்றவே இல்லை. மற்றவர்கள் அசிங்கம் பண்ணிவிட்டார்கள் என்பதற்காக நல்ல பாதையில் கால் வைக்காமலே இருந்திருக்கிறாள். சேமியாவை முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் படிவம் கேட்டாள்.

ஏப்ரல் கடைசியில், மழைக்காலம் தொடங்கும் முன், அவளும் சின்னசாமியும் புறப்பட்டார்கள். அளவைக்கு உதவிய தீவுக்காரர் ஒருவர் தீவுக்குள் நுழையும் அனுமதிக்கு ஏற்பாடு செய்திருந்தார். கொச்சியிலிருந்து பயணிகள் கப்பல். கேட்ட இடம் ஆண்ட்ரோத். டிக்கெட் கொடுத்தவர், “அவிடெ எந்தா காணான்? கவரத்தி போகூ, கல்பேனி போகூ” என்று மலையாளத்தில் சொன்னார், அங்கே பார்க்க ஒன்றும் இல்லையாம். ஆண்ட்ரோத்தான் என்றாள். வழியில் சின்னசாமி மூன்று தடவை வாந்தி எடுத்தார். கனகவல்லி ஒரு தடவையும் எடுக்கவில்லை. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடல் கறுப்பிலிருந்து நீலமாக மாறுவதைப் பார்த்தபடியே நின்றாள்.

லகூன் இல்லாத தீவில் இறங்குவது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டது. கயிற்று ஏணியில் இறங்கி, எழும்பி எழும்பி விழும் சின்னப் படகில் குதிக்க வேண்டும். படகுக்காரன் ‘இப்போ’ என்று கத்தும்போது குதிக்காவிட்டால் கடலில்தான் விழ வேண்டும். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு குதித்தாள். அண்ணனை இரண்டு பேர் மூட்டை மாதிரித் தூக்கிப் போட்டார்கள்.

கரை அவள் போட்ட கரைதான். தெற்கில் ஒரு சின்ன மடிப்பு. மேற்கு முனையில் மழுங்கல். அவள் கையில் தாள் ஏழின் பிரிண்ட் இருந்தது. தங்கிய மூன்று நாளும் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு தீவின் ஓரத்தைச் சுற்றி நடந்தாள். தென்னந்தோப்பின் நடுவில், நங்கூரம் வைத்த இடத்துக்கும் போனாள். அங்கே ஒரு ஆடு கட்டியிருந்தது.

மூன்றாம் நாள் பகல், கடல் வற்றிய நேரத்தில், வடகிழக்கு ஓரத்தில் நின்றாள். பாறை விளிம்புக்கு இந்தப் பக்கம், மணலை ஒட்டி ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. பிள்ளைகள் அதில் துணி விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. தெளிவாக இருந்தது. கனகவல்லி பிரிண்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கரைக் கோடு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். குடையை ஊன்றி ஆழம் பார்த்தாள். குடையாலேயே அகலத்தையும் அளந்தாள். ஆழம் முழங்கால். அகலம் ஒன்பது குடை. வெங்கடகிருஷ்ணனின் படகு இதில் நின்றிருக்க வேண்டுமென்றால் காகிதத்தில் செய்த படகாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

“என்னா கனகு?” என்று மர நிழலில் உட்கார்ந்திருந்த சின்னசாமி கேட்டார்.

“ஒண்ணு விட்டுப் போச்சிண்ணா.”

“அளந்தவன் விட்டான். நீ எடுத்தவதானே?”

“என் எழுத்துதானே கீழ இருக்கு.”

மே மாதம் ஆபீஸுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மஞ்சள் புத்தகத்தை எடுத்தாள். புது வருடக் கணக்கில் எண் 12. ‘தாள் 7, 1974. ஆண்ட்ரோத் வடகிழக்கு ஓரம். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர், சுமார் ஒன்பது குடை அகலம். படத்தில் காட்டப்படவில்லை. அடுத்த அளவையில் சரிபார்க்க வேண்டும். படம் எடுத்தவர்: கனகவல்லி.’ குடைக் கணக்கை அடித்துவிட்டு, குடையை அளந்து, அடிக்கணக்கில் எழுதினாள்.

ரகுநாதன் சீட்டை வாங்கிப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “இத யாரும்மா கேட்டாங்க? பன்னெண்டு வருஷமா யாரும் பாக்காத தாளு. அந்தாளு டெல்லியிலேருந்து இதப் பாத்தா, லகூன் இருக்குன்னு நான் அப்பவே சொன்னேனேன்னு குதிப்பாரு.”

“குதிக்கட்டும் சார். முழங்கால் தண்ணிதான்.”

ரகுநாதன் சிரித்துவிட்டார். சீட்டில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்டார்: “அது சரி, அவ்ளோ தூரம் போயிட்டு வந்தீங்களே, அந்தத் தீவுங்கள்ல உங்களுக்கு எதும்மா பிடிச்சிது?”

பதினேழு வருடத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி. கனகவல்லி ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, சீட்டின் இரண்டாம் படியைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.